ஜன்னல் பக்கத்துக் கன்னம்

ஜூலை 18, வெள்ளி

இருபத்தாறு வருஷமாக அரசு பஸ் ஓட்டுகிறேன். வண்டியை டிப்போவில் விட்டதும் இத்தனை கிலோமீட்டர், இத்தனை டீசல், இன்ன கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அந்தக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த நோட்டு.

இன்றைய கோளாறு: ஓட்டுநர் நாச்சிமுத்து, வயது ஐம்பத்திரண்டு, வலது கணுக்கால். டிப்போவில் ஆயில் சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்து ஆறு நாளாகிறது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தாராபுரத்தில் என் வீட்டு மரநாற்காலிதான் இனி டிரைவர் சீட்டு. ஆடிக் காற்று கதவை அடித்துக்கொண்டே இருக்கிறது. எழுந்து போய்ச் சாத்தக்கூட முடியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

என் வீட்டுக்காரி வசந்தாமணி கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடும் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் பியூட்டி பார்லருக்கு வேலை கிடையாது. அதனால் உடுமலை ரோட்டில் பார்லர் வைத்திருக்கும் ஜெசிந்தா மேடம் ஆடி மாசம் முழுக்க வகுப்பு எடுக்கிறார். நன்றாகச் செய்கிற ஒருவரை ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகவே அனுப்புவாராம்.

“நாப்பத்தாறு வயசுல உனக்கெதுக்கு இதெல்லாம்? பிளவுஸ் தைக்கறது போதாதா?” என்றேன்.

“பதினெட்டு வருசமா கல்யாணப் புள்ளைகளுக்கு பிளவுஸ் தைக்கறனுங்க. மண்டபத்துக்குக் கொண்டுட்டுப் போனா, கதவைச் சித்த தொறந்து, கைய நீட்டி வாங்கிட்டுச் சாத்திக்கறாங்க. உள்ள என்னதான் பண்றாங்கன்னு ஒருக்கா நின்னு பாக்கோணும்.”

காப்பி கேட்டேன்.

ஜூலை 21, திங்கள்

கால் அரிக்கிறது. கட்டுக்குள் சொறியத் தென்னை விளக்குமாற்றுக் குச்சி. வசந்தா திட்டினாள்.

ஜூலை 23, புதன்

வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கற்றுத் தருகிறார்களாம். மற்ற நாட்களில் வீட்டில் யார் முகத்திலாவது போட்டுப் பழக வேண்டும். புதுப்பெண்கள் எல்லாம் ஆடிக்குத் தாய்வீடு போய்விட்டார்கள். எதிர்வீட்டுப் பாவாயி அக்காவைக் கேட்டதற்கு, “இந்த வயசுல ரோஸ் பூசிட்டு வாசல்ல நின்னா ஊரு வாயி சும்மா இருக்குமா சாமி?” என்றாளாம். மற்ற வீட்டுப் பெண்களும் அதே பாட்டு.

மத்தியானம் சோறு போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தயிரைக் கேட்டேன். அவள் கேட்டது என் மூஞ்சியை.

“அட கெரகமே! நான் ஆம்பள, வசந்தா.”

“கன்னத்துல ஆம்பள கன்னம், பொம்பள கன்னம்னு எழுதியா வெச்சிருக்குது? சும்மாதான உக்காந்திருக்கறீங்க.”

கதவைத் தாழ் போட்டால்தான் உட்காருவேன் என்றேன். மீசையில் பவுடர் பட்டால் கொலை விழும் என்றும் சொன்னேன். இரண்டுக்கும் சரி என்றாள்.

டப்பாவைத் திறந்தாள். உள்ளே நான்கு சதுரங்கள். காப்பிப்பொடி நிறம், செங்கல் நிறம், ரோஸ், கடைசியில் முத்துப்போல மினுங்கும் ஒன்று. கன்னத்துக்கு இரண்டு வீதமா என்றேன். முறைத்தாள்.

“வாயை உள்ள உறிஞ்சுங்க. மீன் மாதிரி.”

உறிஞ்சினேன். காதிலிருந்து வாயை நோக்கி, எலும்புக்குக் கீழே காப்பி நிறம். வாய்க்கு இரண்டு விரல் தள்ளி நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு ஒட்டியதுபோல ஆகிவிடுமாம். காப்பி நிறம் கன்னத்தில் குழி விழுந்த மாதிரி காட்டும். அதற்கு மேலே செங்கல். பிறகு சிரிக்கச் சொன்னாள். சிரிக்கும்போது உருண்டு வருகிற இடத்தில் ரோஸ். எலும்பின் உச்சியில், கண் ஓரமாக, மினுங்குவது. அது மேடு காட்டும். கடைசியில் வெறும் பிரஷ்ஷை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்குகிற இடம் கண்ணுக்குத் தெரியக்கூடாதாம்.

“அதான, கியர் மாத்தறதும் அப்பிடித்தான். தூங்கறவன் முழிக்கக் கூடாது” என்றேன்.

அரை மணி நேரம். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒரு ஜமீன்தார் உட்கார்ந்திருந்தான். உடனே சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜூலை 25, வெள்ளி

தாடி மேலே பவுடர் திட்டுத்திட்டாக நிற்கிறதாம். அது அவள் பிரச்சினை.

ஜூலை 26, சனி

காலையில் சவரம்.

ஜூலை 27, ஞாயிறு

சவரம். புது பிளேடு வாங்கிவரச் சொன்னேன். பழையது இழுக்கிறது.

ஜூலை 31, வியாழன்

இன்று வகுப்பு நாள். மதியம் வீட்டில் யாரும் இல்லை. டிவியில் ஒன்றும் இல்லை. சுவரில் பல்லி மட்டும். மேக்கப் இல்லாத நாளில் நேரம் போகிறதே இல்லை என்று எழுதலாம்தான், ஆனால் அதற்குக் காரணம் கரண்ட் போனது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே அமராவதி ஆற்றில் கிடந்தது. நாங்கள் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாதிக் கன்னத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். என் கண்டக்டர் ஆறுச்சாமி, கையில் சாத்துக்குடியோடு. வசந்தா துண்டைத் தேடுவதற்குள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டான். கதவைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

உட்கார்ந்தான். என்னை உற்றுப் பார்த்தான். என் உயிர் என்னிடம் இல்லை.

“ஏனுங்ணா, ரெஸ்ட்டுன்னா ரெஸ்ட்டுதானுங்ணா. மூஞ்சியில ஒரு தேஜஸ் வந்திருக்குது பாருங்க! எண்ணெயும் டீசலும்தான் நம்மளக் கெடுத்துப்போடுது.”

வசந்தா சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். அவன் போனபிறகு இரண்டு பேரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். எப்போது கடைசியாக இப்படிச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம். முதல் பஸ் நாலு பத்துக்கு. நான் கிளம்பும்போது அவள் தூங்குவாள். திரும்பும்போது நான் தூங்கிவிழுவேன். லீவு நாளில் ஆளுக்கு ஒரு பக்கம் வேலை. இப்போது தினமும் அரை மணி நேரம் என் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் என்னையே பார்க்கிறாள். நான் எங்கே பார்ப்பது? அவளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இடது புருவத்துக்குள் ஒரு மச்சம் இருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“பொறந்ததுல இருந்துங்க.”

வகுப்பில் இவள் கைதான் வேகமாம். ஜெசிந்தா மேடமே சொன்னாராம்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி முடிந்தது. வகுப்பும் முடிந்தது. எட்டுப் பேரில் வசந்தாவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! வரும் 29-ம் தேதி முகூர்த்தம். பெண்ணின் பெயர் நிவேதிகா. திங்கட்கிழமை பார்லரில் ட்ரையல். அது பெண்ணின் அம்மாவுக்குப் பிடித்தால்தான் கல்யாணத்துக்கு அனுப்புவார்கள்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் நான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பத்து மணிக்குப் போனாள். மூன்று மணிக்கு வந்தாள். “சரியா வர்லீங்க” என்றாள். தையல் மெஷினில் போய் உட்கார்ந்து யாருடைய பிளவுஸுக்கோ கொக்கி வைத்தாள். என்ன ஆச்சு என்று நான்கு தரம் கேட்டேன். நான்காவது தரம், “உங்குளுக்குப் பால் வாங்கோணும்” என்று எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ட்ரையலில் எடுத்த போட்டோவை இன்றைக்குத்தான் காட்டினாள். நல்ல பெண். நல்ல முகம். ஆனால் இடது கன்னம் மட்டும் உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. நேரில் யாருக்கும் தெரியவில்லையாம். ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்தபிறகு பெண்ணின் அம்மா பார்த்துவிட்டு, “என்ர புள்ளைக்கு ஒரு பக்கம் கடவாப்பல்லு புடுங்குன மாதிரி இருக்குது” என்றாராம். மேடம் எல்லாரும் போகிறவரை காத்திருந்தாராம். பிறகு தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, நீங்க இன்னும் பழகோணும், இந்தக் கல்யாணத்த நானே பாத்துக்கறேன்” என்றாராம்.

“எப்பிடி ஒரு பக்கம் மட்டும் அதிகமாச்சுன்னே தெரியலீங்க. கை தன்னால போயிருச்சு.”

மனசு ஆறவில்லை. மதியம் வேறு வேலை இல்லாமல் சவரக் கண்ணாடியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

என் வலது கன்னம் கருப்பு. இடது கன்னம் மாநிறம். டிரைவர் சீட்டு வலது பக்கம். ஜன்னல் வலது பக்கம். இருபத்தாறு வருஷ வெயிலும் தூசியும் அந்த ஒரு கன்னத்தில்தான் அடித்திருக்கிறது. ஒரு மாசமாக வசந்தா என்ன செய்திருக்கிறாள்? ஏற்கெனவே கருத்த வலது கன்னத்தில் காப்பி நிறத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்து, இடது கன்னத்தில் இரண்டு இழுப்பு கூடுதலாகப் போட்டு, என்னைச் சமமாக்கியிருக்கிறாள். கை அதையே பாடமாக்கிக்கொண்டது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு கன்னமும் ஒரே நிறம். இவள் கை அங்கேயும் இடது பக்கம் இரண்டு இழுப்பு கூடப் போட்டுவிட்டது.

கத்திக் கூப்பிட்டேன். காட்டினேன். வசந்தா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அட ஆமாங்க.”

“மேடத்துகிட்டப் போயிச் சொல்லு.”

“என்னன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரருக்கு தெனமும் ரோஸ் பூசி உட்டனுங்கன்னா? ஊருக்குள்ள நீங்க தலை காட்ட வேண்டாமா? உடுங்க. நான் பிளவுஸே தெச்சுக்கறேன்.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். என் மானத்துக்காக அவள் ஆசையை மடித்து வைக்கிறாள். எனக்குத்தான் அழுகை வந்தது. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

வசந்தா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

பார்லர் கண்ணாடிக் கதவில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. நானும் என் மீசையும் ஐந்து நிமிஷம் வெளியே நின்றோம். பிறகு தட்டினேன். ஜெசிந்தா மேடம் வந்தார். சின்ன வயசுதான், வசந்தாவைவிடப் பத்து வயசாவது குறைவு.

“ஏனுங்ணா, ஆரு வேணும்?”

“வசந்தாமணி வீட்டுக்காரனுங்க. என்ர மூஞ்சியச் சித்த பாருங்க.”

அவர் இரண்டடி பின்னால் போனார். பைத்தியமென்று நினைத்திருப்பார். உள்ளே தலைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்த நான்கு பெண்களும் என்னையே பார்த்தார்கள். இனி எதற்கு வெட்கம்? ஒரு மாசமாக நான்தான் உட்கார்ந்தேன், காப்பி நிறம், செங்கல் நிறம், ரோஸ், மினுமினுப்பு என எல்லாம் இந்த மூஞ்சிக்குத்தான், தப்பு அவள் கையில் இல்லை, இந்த ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில்தான் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். மருதாணிப் பெண்களில் ஒருத்தி தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

மேடம் சிரிக்கவில்லை. என்னை விளக்குக்கு அடியில் உட்காரவைத்தார். தானே பிரஷ்ஷை எடுத்து இரண்டு பக்கமும் போட்டார். போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். தன் கையையே ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“அண்ணா, நானும் வலது பக்கம் கம்மியாத்தான் போட்டிருக்கறேன். கண்ணு சொன்னதைக் கை கேட்டுருச்சு.”

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “ஒரு மாசம் இப்பிடி ரெண்டு நெறத்தையும் ஒண்ணாக்கி இருக்கறாங்கன்னா, அக்கா கண்ணு நல்ல கண்ணுதானுங்ணா. ரெண்டு கன்னமும் ஒண்ணா இருக்கற பொம்பளைகளுக்குப் போட்டுப் பழகச் சொல்லுங்க. அஞ்சாறு மூஞ்சியாவது வேணும். இருபத்தாறாந் தேதி இன்னொரு ட்ரையல். பொண்ணோட அம்மாகிட்ட நான் பேசறேன். அதுல சரியா வர்லீன்னா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்கோங்க.”

கும்பிட்டுவிட்டு வந்தேன். ஷேர் ஆட்டோவில் எல்லாரும் என்னையே பார்த்தபோதுதான், துடைக்காமலே ஏறிவிட்டது தெரிந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அஞ்சாறு மூஞ்சிக்கு எங்கே போவது? காலையில் ஊன்றுகோலோடு பாவாயி அக்கா வாசலில் போய் நின்றேன்.

“ஏனக்கா, ஊரு வாயின்னு பயந்தீங்களாமா. நான் ஒரு மாசமா பூசறேன். செத்தா போயிட்டேன்?”

“ஆரு, நீயா? மேக்கப்பா?”

“நானேதான். தெனமும் அரை மணி நேரம்.”

பாவாயி அக்கா ‘அடிப்பாவி’ என்று வசந்தாவையும், ‘அடப்பாவி’ என்று என்னையும் திட்டிவிட்டு, முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து நிமிஷத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். என் மரநாற்காலி பறிபோனது. திண்டாட்டம்தான், ஆனால் நல்ல திண்டாட்டம்.

நேற்று பார்லரில் நடந்ததைச் சொன்னதிலிருந்து வசந்தா என்னிடம் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். ராத்திரிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது, கேட்காமலே. கோபமில்லை.

ஆகஸ்ட் 23, சனி

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கால் வெளுத்துக் குச்சியாக இருக்கிறது. இன்றைக்கு வந்த மூஞ்சிகள்: ஐந்து. பாவாயி அக்கா இரண்டாம் தரம். “அந்த மினுங்கறத இன்னுஞ் சித்த வை” என்கிறாள்.

ஒவ்வொரு முகத்துக்கும் வசந்தா முதலில் இரண்டு கன்னத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். பிறகுதான் டப்பாவையே திறக்கிறாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ட்ரையல். சாயங்காலம் வாசலிலேயே சொல்லிவிட்டாள். ஃபிளாஷ் அடித்து ஏழு படம் எடுத்தார்களாம். பெண்ணின் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அன்னிக்கு அஞ்சு மணிக்கெல்லாம் மண்டபத்துக்கு வந்துருங்க” என்றாராம்.

இரண்டு பேரும் கடைக்குப் போய் ஜிலேபி வாங்கிவந்தோம். நான் நடந்தே போனேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஐந்து மணிக்கு மண்டபம். வசந்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணப்பெண் அறைக்குள் போனாள். கதவு அவளை உள்ளே விட்டுச் சாத்திக்கொண்டது. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஆறு காப்பி குடித்தேன். ஓட்டிப் பழகியவனுக்குக் காத்திருப்பது கஷ்டம். ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் எழுந்தேன். ஒரு தரம் பூ வந்தது, ஒரு தரம் இட்லி வந்தது, ஒரு தரம் பெண்ணின் சித்தி தொலைந்துபோன ஊக்கைத் தேடிக்கொண்டு வந்தாள்.

ஒன்பது மணிக்கு நிவேதிகா வெளியே வந்தது. எங்கே காப்பி நிறம், எங்கே ரோஸ் என்று எனக்குத் தெரியும். தேடித் தேடிப் பார்த்தேன், சேர்ந்த இடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெரியம்மா, “புள்ளைக்கு மேக்கப்பே போடலியா? என்ன லட்சணமா இருக்குது!” என்றாள். எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

தாலி கட்டி முடிந்தது. போட்டோ வரிசை. மேடையிலிருந்து பெண், “வசந்தாக்கா எங்க? அவங்களும் வரோணும்!” என்றது. அம்மாக்காரியே ஆளனுப்பினார். வசந்தா அறையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொன்னேன்.

“ஐயோ, வேண்டாங்க. விடியறதுக்கு முன்ன இருந்து நிக்கறேன், வேர்த்து வடியுது. இந்த மூஞ்சியோட எப்பிடிங்க அந்தப் புள்ளை பக்கத்துல போயி நிக்கறது?”

“உக்காரு” என்றேன்.

“என்னத்துக்கு?”

“உக்காரு வசந்தா.”

டப்பாவைத் திறந்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். தாடையைப் பிடித்தேன். வாயை உள்ளே உறிஞ்சச் சொன்னேன். இதில் என்ன இருக்கிறது, ஒரு மாசம் வாங்கிக்கொண்டவனுக்குப் போடத் தெரியாதா என்று நினைத்தேன். தெரியாது. ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு, பிரஷ்ஷில் பிரேக் எங்கே என்று தெரியவில்லை. காப்பி நிறம் வாய் வரைக்கும் போய்விட்டது. அதை மறைக்கச் செங்கல். செங்கலை மறைக்க ரோஸ். ரோஸ் கூடிவிட்டது. மினுங்குவதை மூக்கில் கொட்டினேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

“ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குதா?” என்று கேட்டேன்.

கண்ணாடியில் பார்த்தாள். இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“இல்லீங்க” என்றாள்.

துடைத்துக்கொள் என்று பஞ்சை நீட்டினேன். வாங்கினாள். அதில் என் விரல்களில் ஒட்டியிருந்த ரோஸைத் துடைத்துவிட்டாள். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு மேடைக்கு நடந்தாள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த ஜெசிந்தா மேடம் கீழேயிருந்து பார்த்துவிட்டுத் திடுக்கிட்டுப் போனார். “ஏனக்கா, கன்னத்துல என்னக்கா இது? ஆரு போட்டு உட்டது?”

“எங்க வீட்டுக்காரருங்க” என்றாள் வசந்தா, மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. சொல்லிவிட்டு பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்று, கேமராவைப் பார்த்து நிமிர்ந்தாள்.